பெட்டியில் கிடைத்த பழைய அளவுக் கருவிகள்: ஓர் எஃகு அடிக்கோல் மட்டும் அளவைவிட நீளமாக இருக்கிறது

புதுப்பட்டறை:
வணக்கம். மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து மரப்பெட்டி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் அளக்கும் கருவிகள். நான்காக மடியும் மஞ்சள் நிற மர அடிக்கோல் ஒன்று. பித்தளைக் கீல்கள் இன்னும் இறுக்கமாக இருக்கின்றன. ஆனால் எண்கள் வலமிருந்து இடமாகப் போகின்றன. வளைந்த கால்கள் உள்ள காலிப்பர்கள் பல உண்டு, எதிலும் ஓர் எண்கூடக் கிடையாது. விளிம்பைச் சுற்றிலும் வெட்டுகள் போட்ட வட்டமான எஃகுத் தகடு ஒன்று. கைப்பிடியில் கோத்த சிறிய இரும்புச் சக்கரம் ஒன்று. கருமரக் கட்டையில் எஃகு அலகு பதித்த மூலைமட்டம் ஒன்று.

என்னைக் குழப்புவது ஓர் எஃகு அடிக்கோல். புதிய அடிக்கோலுக்கு அருகில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பழையதன் அங்குலம் ஒவ்வொன்றும் சற்றுப் பெரிதாக இருக்கிறது. தேய்ந்திருந்தால் குறையத்தானே வேண்டும்? இது பிழையான கோலா?

எல்லாவற்றிலும் துரு படிந்திருக்கிறது. வினிகரில் ஓர் இரவு ஊறப்போடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பித்தளைக்கீல்:
வினிகர் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அமிலம் துருவை மட்டும் தின்பதில்லை, துருவுக்கு அடியில் உள்ள எஃகையும் தின்னும். மற்றக் கருவிகளில் அதனால் மேற்பரப்பு மங்கும், அவ்வளவுதான். அளவுக் கருவியில் மேற்பரப்புதான் கருவி. கோடுகளின் விளிம்பு மழுங்கிவிட்டால் பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள். மெல்லிய சவர அலகு ஒன்றைக் கோலின் மேல் ஏறக்குறையப் படுத்துப் பிடித்து, துருவை மட்டும் சீவி எடுங்கள். மிச்சத்துக்கு மிக நுண்ணிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும் போதும். அழுத்தாமல், கோலின் நீளவாக்கிலேயே தேயுங்கள். உப்புத்தாளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கும் முறையையும் இங்கே யாராவது சொல்வார்கள். எஃகு மட்டுமே உள்ள கருவிகளுக்கு அது நல்ல முறை. ஆனால் வில் பொருத்திய காலிப்பர்களை அதில் போடாதீர்கள். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் கடினப்படுத்திய வில்லுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடலாம். மரமோ பித்தளையோ சேர்ந்த கருவியையும் போடக் கூடாது. மின்சாரத்தின் மறுமுனையோடு இணைத்துக் கரைசலில் வைக்கும் எதிர்த் தகடாகத் துருப்பிடிக்காத எஃகை வைக்கவே வைக்காதீர்கள், அதிலிருந்து நச்சான குரோமியச் சேர்மங்கள் கரைசலில் கலக்கும்.

வார்ப்படமாதிரி:
உங்கள் அடிக்கோல் பிழையானதல்ல. பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அது வார்ப்பட வேலைக்கு மர மாதிரி செய்பவர்களின் கோல். உருகிய உலோகம் அச்சுக்குள் இறுகிக் குளிரும்போது சுருங்கும். ஓர் அடி நீளமுள்ள மர மாதிரியை மணலில் பதித்து வார்ப்பிரும்பு ஊற்றினால், வெளியே வரும் பொருள் ஓர் அடிக்குக் குறைவாகவே இருக்கும். ஆகவே மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு 1/8 அங்குலம், அதாவது ஒரு நூல். பித்தளைக்கு 3/16 அங்குலம். வார்ப்பு எஃகுக்கு 1/4 அங்குலம். இவை பட்டறை வழக்கில் நின்ற எண்கள். பொருளின் வடிவத்தையும் பருமனையும் பார்த்து அனுபவசாலிகள் கூட்டியோ குறைத்தோ கொள்வார்கள்.

ஒவ்வோர் அளவுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் எங்காவது ஓரிடத்தில் தவறு நேரும். அதனால் கணக்கைக் கோலுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். வரைபடத்தில் 7 அங்குலம் என்றால் இந்தக் கோலில் 7 வரை அளந்து மரத்தை வெட்ட வேண்டியதுதான். கூடுதல் நீளம் தானாகவே வந்துவிடும். மாதிரி செய்பவர் மனத்தில் சுருக்கம் என்ற நினைப்பே வர வேண்டியதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. முதலில் மரத்தில் ஒரு மாதிரி, அதிலிருந்து உலோகத்தில் வார்த்த ஒரு மாதிரி, பிறகு அதைக்கொண்டு ஆயிரக்கணக்கில் வார்ப்பு என்று வேலை நடக்கும்போது இரண்டு முறை சுருக்கம் ஏற்படும். அதற்கு இரட்டைச் சுருக்கம் சேர்த்த கோல் தேவை. உங்களுடையது எந்த வகை என்று தெரிய வேண்டும். கோலின் முனைக்கு அருகில் பின்னம் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று துருவை நீக்கியபின் பாருங்கள். இல்லாவிட்டால் முழு நீளத்தையும் நல்ல கோலோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

சக்கரத்தச்சு:
கைப்பிடியில் சுழலும் அந்த இரும்புச் சக்கரம் வண்டிச் சக்கரம் செய்பவர்களுடையது. மரச் சக்கரத்தின் வட்டையை, அதாவது வெளிவிளிம்பைச் சுற்றிலும் அதை உருட்டிச் சுற்றளவை அளப்பார்கள். சிறு சக்கரத்தின் விளிம்பில் ஒரு வெட்டோ குறியோ இருக்கும். வட்டையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, குறியை அதன்மேல் வைத்து உருட்ட ஆரம்பிக்க வேண்டும். எத்தனை முழுச் சுற்று, அதற்குமேல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, மிச்சத்தையும் சிறு சக்கரத்திலேயே குறித்துக்கொள்வார்கள். பிறகு அதே சிறு சக்கரத்தை, வட்டைக்கு மேல் பூட்டப்போகும் இரும்புப் பட்டையின் மேல் உருட்டினால் வெட்ட வேண்டிய நீளம் கிடைக்கும்.

பட்டையை வட்டையைவிட வேண்டுமென்றே சிறிதாகத்தான் வளைத்து ஒட்டுவார்கள். நெருப்பில் சூடேற்றினால் அது விரியும். நான்கு மீட்டர் சுற்றளவுள்ள பட்டை ஐந்நூறு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 25 மி.மீ. நீளும். அந்தச் சூட்டோடு சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுக்கும். ஆரக்கால்கள் குடத்துக்குள்ளும் வட்டைக்குள்ளும் நெருக்கித் தள்ளப்படும். பட்டை கூடுதலாகச் சிறுத்துவிட்டால் ஆரக்கால்கள் வளையும், போதாவிட்டால் கொஞ்ச காலத்தில் கழன்றுவிடும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது ஆரக்கால் பொருத்துகளின் இறுக்கத்தைப் பார்த்துக் கொல்லர் முடிவு செய்வது. அந்த முடிவுக்குக் கருவி கிடையாது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, சக்கரத்தின் சுற்றளவு எத்தனை அங்குலம் என்பது யாருக்கும் முக்கியமே இல்லை. சில சிறு சக்கரங்களில் 24 அங்குலம் என்று பிரித்துக் கோடு போட்டிருப்பார்கள். பலவற்றில் ஒன்றுமே இருக்காது. மரத்துக்கும் இரும்புக்கும் ஒரே சக்கரம் உருண்டால் போதும்.

கம்பிஎண்:
வெட்டுகள் போட்ட வட்டத் தகடு கம்பியின் பருமனையும் தகட்டின் தடிமனையும் பார்ப்பதற்கானது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடக் கம்பி மெலியும். கம்பியை அச்சுத் துளைகள் வழியாகத் திரும்பத் திரும்ப இழுத்து மெலியச் செய்வார்கள் அல்லவா, அந்த இழுப்புகளின் வரிசையிலிருந்து வளர்ந்த எண் முறை இது.

முதல் முறை பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் வெட்டின் உள்முனையில் இருக்கும் வட்டத் துளைக்குள் கம்பியை விட்டுப் பார்ப்பார்கள். அது தவறு. அளப்பது விளிம்பிலிருந்து உள்ளே போகும் நேரான வெட்டு. வட்டத் துளை, கம்பியோ தகடோ வெட்டைக் கடந்ததும் தடையில்லாமல் நிற்பதற்கான இடம் மட்டுமே. அழுத்தாமல் நுழையும் வெட்டுகளில் மிகக் குறுகியது எதுவோ அதுதான் எண்.

எந்த முறை என்பதையும் பார்த்துவிடுங்கள். 20 என்ற எண்ணுக்கு, 1884இல் பிரிட்டனில் சட்டப்படி நிலைபெற்ற முறையில் 0.036 அங்குலம். அமெரிக்கக் கம்பி முறையில் அதே 20க்கு ஏறக்குறைய 0.032 அங்குலம். அதற்கும் முந்தைய பர்மிங்காம் முறையில் 0.035. எண் ஒன்றே, கம்பிகள் மூன்று! தகட்டின் நடுவில் முறையின் பெயர் பொறித்திருக்கும். துரு நீக்கும்போது அந்த இடத்தில் மிகவும் கவனமாக இருங்கள்.

அமெரிக்க முறை மட்டும் சீரான கணக்கில் அமைந்தது. நான்கு சுழியன்கள் (0000) என்ற தடித்த முனையில் 0.46 அங்குலம், 36ஆம் எண்ணில் 0.005 அங்குலம், இடையில் 39 படிகள், ஒவ்வொரு படியிலும் ஒரே விகிதத்தில் மெலியும். மற்றவை பட்டறைப் பழக்கத்தில் கூடிவந்தவை. அவற்றின் படிகள் ஒழுங்கற்று ஏறி இறங்கும்.

லேத்கை:
எண் இல்லாத காலிப்பர்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எனக்கு மிகவும் நெருக்கமான கருவி அது, எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கால்கள் உள்நோக்கி வளைந்தவை வெளி அளவுக்கு, நுனிகள் வெளிப்பக்கம் திரும்பியவை துளையின் உள் அளவுக்கு. ஒரு கால் வளைந்தும் மறு கால் கூர்மையாகவும் இருந்தால் அது விளிம்புக்கு இணையாகக் கோடு கீறவும், வட்ட முகத்தில் மையம் காணவும் உதவும். இணைப்பில் வெறும் உராய்வு மட்டும் இருந்தால், காலை மரக்கட்டையில் இலேசாகத் தட்டித்தான் அளவைத் திருத்த வேண்டும். விரலால் தள்ளினால் தாண்டிப் போய்விடும். வில்லும் திருகும் உள்ளவை பிந்தியவை.

தண்டைத் துளைக்குப் பொருத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். துளையின் அளவை உள் காலிப்பரில் எடுக்கிறோம். அதன் நுனிகளை வெளிக் காலிப்பரின் நுனிகளோடு தொடவைத்து, வெளிக் காலிப்பரைத் திருத்துகிறோம். அதைக்கொண்டு தண்டைக் கடைகிறோம். இதில் எங்கே எண் வருகிறது? துளை 1.247 அங்குலமா 1.252 அங்குலமா என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? தண்டு துளைக்குள் எப்படிப் போக வேண்டுமோ அப்படிப் போனால் போதும். அளவுகோலைப் பார்த்து எண்ணை வாசித்து, அதை நினைவில் வைத்து, இன்னோர் இடத்தில் திரும்பக் குறிக்கும்போது ஒவ்வொரு படியிலும் பிழை நுழைய இடம் இருக்கிறது. காலிப்பர் அந்தப் படிகளையே எடுத்துவிடுகிறது.

தொடும் உணர்வுதான் இதன் உயிர். காலிப்பரை இரண்டு விரலால் தொங்கவிட்டு, அதன் சொந்த எடையிலேயே தண்டின் மேல் நழுவ விட வேண்டும். பிடித்து அமுக்கினால் கால்கள் வளைந்துகொடுக்கும், அளவு பொய்யாகும். பழகிய கைக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடும் தெரியும். சுற்றிக்கொண்டிருக்கும் பொருளின் மேல் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். நின்றிருக்கும்போது ஏறாத காலிப்பர், சுழலும் தண்டில் தானாக ஏறிவிடும். சில வேளைகளில் கையிலிருந்து பிடுங்கியும் எறியும்.

கால்களில் அரத்தால் போட்ட சிறு வெட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடிக்கடி தேவைப்பட்ட அளவுகளுக்குச் சிலர் அடையாளம் வைத்துக்கொள்வதுண்டு. பெயரெழுத்துகள் குத்தியிருந்தால் அவற்றையும் அப்படியே விடுங்கள்.

நுண்ணளவி:
லேத்கை ஐயாவின் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் அவர் வாதம் ஒரே பட்டறைக்குள் மட்டுமே செல்லும். துளை ஓர் ஊரில், தண்டு இன்னோர் ஊரில் என்றானதும் எண் தேவைப்படுகிறது. உடைந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு வாங்கியதும் பொருந்த வேண்டுமென்றால் எண் தேவை. நாம் இன்று கையாளும் எல்லா எந்திரமும் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

அந்த எண்ணைப் பட்டறைக்குள் கொண்டுவர நெடுங்காலம் பிடித்தது. இரு கோடுகளுக்கு இடையிலுள்ள பின்னத்தையும் வாசிக்க உதவும் தன் நழுவும் அளவுகோலைப் பியர் வெர்னியர் 1631இல் வெளியிட்டார். அது நெடுங்காலம் வானியல், நில அளவைக் கருவிகளிலேயே இருந்தது. அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் சாதாரணப் பட்டறை ஆள் வாங்கிப் பயன்படுத்தத்தக்க வெர்னியர் காலிப்பரைச் செய்தது 1851இல். ழான் லோரான் பால்மர் கையில் அடங்கும் திருகு அளவிக்கு, அதாவது மைக்ரோமீட்டருக்குப் பிரான்சில் காப்புரிமை பெற்றது 1848இல். பிரவுனும் அவருடைய கூட்டாளி ஷார்ப்பும் 1867 பாரிஸ் பொருட்காட்சியில் அதைப் பார்த்து, தங்கள் நாட்டில் செய்யத் தொடங்கினார்கள். அங்குலத்துக்கு 40 மரைகள், உருளையில் 25 கோடுகள். ஒரு கோடு நகர்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெட்ரிக் அளவியில் அரை மி.மீ. மரையும் 50 கோடுகளும். இதைவிடத் தெளிவான கருவியை நான் பார்த்ததில்லை.

அதற்கும் முன்பே, ஏறத்தாழ 1805இல், லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி மேசைமேல் வைக்கும் திருகு அளவி ஒன்றைத் தன் பட்டறைக்குச் செய்தார். அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் அதற்கு ‘லார்ட் சான்சலர்’ என்று நீதிபதியின் பெயர். ஒரு பட்டறை முழுவதும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

லேத்கை:
நல்ல சான்றுதான். ஆனால் அந்த மாட்ஸ்லியின் அளவியும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தானே இருந்தது? தொழிலாளி காலிப்பரில் எடுத்த அளவை அங்கே கொண்டுபோய்ச் சரிபார்த்தார். ஸ்வீடனில் யோஹான்சன் 1896 வாக்கில் உருவாக்கத் தொடங்கிய அளவுக் கட்டைகளையும், அதாவது ஒவ்வொன்றும் ஒரு துல்லியமான நீளத்துக்குச் செய்த எஃகுக் கட்டைகளையும் பாருங்கள். 102 கட்டைகள், அவற்றைச் சேர்த்துச் சேர்த்து வைத்தால் நூறில் ஒரு மி.மீ. படியில் இருபதாயிரம் அளவுகள் கிடைக்கும். கட்டையில் வாசிக்கக் கோடு ஏது? அடுக்கி, பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மிக உயர்ந்த நுட்பத்துக்குப் போனாலும் வேலை மீண்டும் ஒப்பிடுவதில்தான் வந்து நிற்கிறது.

எண் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாத கருவியைக் குறைபட்ட கருவி என்று புதியவர்கள் ஒதுக்கிவிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நுண்ணளவி:
அளவுக் கட்டையின் மேல் எண் பொறித்திருக்கிறது, ஐயா. அந்த எண்ணை நம்பித்தான் உலகம் அதை வாங்கியது. மற்றபடி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்தக் கட்டைகள் வந்த பிறகு வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 300 மி.மீ. எஃகு பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.035 மி.மீ. நீளும். அதனால்தான் 1931இல் 20 டிகிரி செல்சியஸ் பொது அடிப்படையாக ஏற்கப்பட்டது. மைக்ரோமீட்டரைக் கையில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

உளிமுனை:
மரவேலையில் இந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அலமாரி செய்பவர் ஒரு கழியில் எல்லா உயரங்களையும் கோடாகக் கீறி வைத்துக்கொள்வார். தட்டு எங்கே, கதவு எங்கே, இழுப்பறை எங்கே என்பதெல்லாம் அந்தக் கழியில் இருக்கும். பத்து அலமாரி செய்தாலும் அளவு நாடாவைத் தொட வேண்டியதில்லை, பத்தும் ஒன்றுபோல் வரும்.

மூலைமட்டத்துக்கு வருகிறேன். அதை நம்புவதற்கு முன் சோதியுங்கள். நேரான விளிம்புள்ள பலகை ஒன்று வேண்டும். கட்டையை விளிம்போடு அணைத்து, அலகின் ஓரமாகக் கூர்மையான கத்தியால் கோடு கீறுங்கள். மட்டத்தைப் புரட்டி, மறுபக்கத்திலிருந்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், தெரிவது பிழையைப்போல் இருமடங்கு. பென்சிலால் செய்யாதீர்கள், கோட்டின் தடிமனிலேயே பிழை ஒளிந்துகொள்ளும்.

ரசமட்டத்துக்கும் இதே முறைதான். ஓர் இடத்தில் வைத்துக் குமிழைப் பாருங்கள், முனை மாற்றி அதே இடத்தில் மீண்டும் வையுங்கள். குமிழ் அதே பக்கம் அதே அளவு நின்றால் பிழை மேசையில் இருக்கிறது, மட்டத்தில் இல்லை. குமிழ்க் குழாய் வருவதற்கு முன் இருந்த கருவி, இரண்டு கால்களும் குறுக்குச் சட்டமும் உச்சியிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டும் மட்டுமே. எகிப்தில் சென்னெஜெம் என்பவரின் கல்லறையில் கிடைத்த அப்படிப்பட்ட மட்டம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதையும் திருப்பி வைத்தே சோதித்திருக்க முடியும்.

புதுப்பட்டறை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மூலைமட்டத்தைச் சோதித்தேன். அலகின் நுனியில் கோடுகள் கொஞ்சம் விலகுகின்றன. திருத்த முடியுமா? மூலையில் ஆணி முனையால் குத்தினால் சரியாகும் என்று எங்கோ படித்தேன்.

உளிமுனை:
அது ஒரே தகட்டில் வெட்டிய பெரிய எஃகு மட்டத்துக்கான முறை. உள்மூலைக்கு அருகில் குத்தினால் அங்கே உலோகம் பரவிக் கோணம் விரியும், வெளிமூலைக்கு அருகில் குத்தினால் குறுகும். மரக்கட்டையில் அலகு பதித்த மட்டத்தில் அதைச் செய்தால் கட்டை பிளந்துவிடும். முதலில் கட்டையின் பித்தளை முகத்தில் அழுக்கோ பிசிரோ இருக்கிறதா பாருங்கள், பலமுறை குற்றம் அங்கேதான். பித்தளை சுத்தமாக இருந்தும் விலகினால், அலகின் ஓரத்தை நுண்ணிய அரத்தால் மெல்லத் தேய்த்து நேராக்கலாம். அலகைக் கட்டையோடு பிணைக்கும் தறை ஆணிகளைத் தொடாதீர்கள்.

பித்தளைக்கீல்:
மடக்குக்கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிற மரம் என்றால் அநேகமாகப் பாக்ஸ் மரம். அதன் இழை மிக நெருக்கமானது; மெல்லிய கோடுகூடப் பிசிறில்லாமல் விழும், ஈரத்துக்கு அதிகம் அசையாது. எண்கள் வலமிருந்து இடமாகப் போவது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கோல்களில் பொதுவான வழக்கம், ஆங்கிலேயக் கோல்கள் பெரும்பாலும் இடமிருந்து வலம். மடித்ததும் உள்விளிம்பில் சிறு பித்தளை ஊசிகள் எதிர்ப்பக்கத் துளைகளில் போய் அமர்கின்றனவா என்று பாருங்கள். ஊசிகள் இருந்து, நன்றாக அமர்ந்தால் கீல் இன்னும் தளரவில்லை.

ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். பிறகு மெழுகு. சாராயம் தொடவே கூடாது, பழைய மெருகு கரைந்து கோடுகளில் நிரப்பிய கறுப்பும் கூடவே போய்விடும். இருபுறமும் முனைகள் தேய்ந்திருந்தால் 1 என்ற கோட்டிலிருந்து அளந்து ஓர் அங்குலம் கழியுங்கள்.

பொன்மெருகு:
பித்தளையை மட்டுமாவது பளபளவென்று மெருகேற்றலாமே? பழைய கருவி அழகாக இருந்தால்தானே வீட்டில் உள்ளவர்கள் அதைத் தூக்கி எறியாமல் வைப்பார்கள்?

பித்தளைக்கீல்:
உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மெருகுப் பசை பித்தளையோடு நிற்பதில்லை, அடுத்துள்ள மரத்தின் கோடுகளுக்குள் புகுந்து வெள்ளையாக இறுகிவிடும். தயாரித்தவர் பெயர் ஆழமில்லாமல் பொறித்திருக்கும். சில முறை தேய்த்தாலே மங்கும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் பித்தளைக்கு அமைதியான ஒரு நிறம் வரும். அதுவே அழகு என்பது என் எண்ணம். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் பதனிடும் பொருள்கள் எஃகையும் பித்தளையையும் அரிக்கும். எண்ணெய் தடவிய தாளில் சுற்றி வையுங்கள்.

புதுப்பட்டறை:
துருவைச் சீவி எடுத்தேன். எஃகுக் கோலின் முனையில் ஏதோ பின்னம் இருக்கிறது, ஆனால் அதன் பாதி அரிந்துபோய்விட்டது. நீளத்தை ஒப்பிட்டேன். பழைய கோலில் 24 என்ற கோடு, புதிய கோலில் 24 அங்குலத்தையும் தாண்டிச் சரியாக மூன்று நூலில் நிற்கிறது.

வார்ப்படமாதிரி:
இரண்டு அடிக்கு மூன்று நூல் என்றால் அடிக்கு 3/16. பித்தளை வார்ப்புக்கான கோல்.

பெட்டியின் அடியில், அல்லது அந்தப் பட்டறையிலிருந்து வந்த மற்றச் சாமான்களில், சாயம் பூசிய மரத்துண்டுகள் ஏதாவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல், மணலிலிருந்து எளிதாக உருவி எடுப்பதற்காகச் சற்றே சாய்வாக இழைத்திருந்தால் அவை மாதிரிகள். விறகென்று நினைத்து யாரும் எடுத்துப்போவதற்குள் பத்திரப்படுத்துங்கள்.

கோலில் ஒரு சீட்டைக் கட்டி, ‘பித்தளைச் சுருக்கம், அடிக்கு 3/16’ என்று எழுதி, மற்ற அடிக்கோல்களிலிருந்து தனியாக வையுங்கள். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாததால், அவசரத்தில் யாராவது அதை எடுத்துப் பலகை அறுத்துவிடுவார்கள்.